பேட்டரிக்குக் காட்டிய கற்பூரம்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் பேனாவைப் பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். முன்னால் நடந்தது பின்னால் வரும். சிலது மறந்தே போயிருக்கும். கோபப்படாமல் படியுங்கள்.

நான் சொல்லப்போகிற மனுஷனின் பெயரை எழுதவில்லை. மறந்துபோனதால் இல்லை. அவருடைய ஆட்கள் சாத்தான்குளம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரி அண்ணாச்சி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோம். முன்னால் வெறும் அண்ணாச்சிதான்.

எங்களுக்கும் அவருக்கும் பழக்கம் ஓர் அடியில் தொடங்கியது. நாங்கள் ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து நாலு நாள் இருக்கும். கடற்கரை ரோட்டில் ஓர் உப்பு முதலாளியின் பங்களா. என் வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலை, எனக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. பின்பக்கம் வேலையாட்களுக்கு ஒட்டினாற்போல இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு. அடுத்தது, அங்கே டிரைவராக இருந்த அண்ணாச்சிக்கும் அவர் பெண்சாதிக்கும். எதிரே கார் ஷெட். என் வீட்டுக்காரர் ஷெட் வாசலில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். தீக்குச்சியை உதறி அணைக்கக்கூட இல்லை. உள்ளேயிருந்து அண்ணாச்சி வந்தார், அறைந்தார், திரும்ப உள்ளே போய்விட்டார். இவர் குரோட்டன்ஸ் தொட்டிகளின்மேல் விழுந்து கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது.

"காதுக்குள்ள சங்கு ஊதுது" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் என்ன தப்புளா செஞ்சேன்?"

எனக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அண்ணாச்சி எங்கள் வாசல் பக்கமாகப் போகும்போது, நிற்காமலே, "ஷெட்டுக்கிட்ட பீடி குடிக்காத" என்றார். அவ்வளவுதான். அவரிடம் அடி இன்றைக்கு விழும். காரணம் நாளைக்கு வரும். பாதி நாள் வரவே வராது.

அந்த ஷெட்டில் பெரிய முதலாளியின் அம்பாசிடர் நிற்கும். அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி இன்னொரு வண்டி. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே துணிக் கூரை, மடக்கிவிடலாம். கிணற்றில் இறங்குகிற மாதிரி அதற்குள் இறங்கித்தான் உட்கார வேண்டும். துறைமுக வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது சின்ன முதலாளி அதை வாங்கினார். ஒரு வருஷம்கூட ஓட்டவில்லை, படிக்க வெளிநாடு போய்விட்டார். தீபாவளிக்கு வருவார், ஒரு மாதம் இருப்பார். மீதிப் பதினொரு மாதமும் வண்டி நின்றபடிதான். ஆனால் பெரிய முதலாளியின் கட்டளை ஒன்று உண்டு. மகன் வந்து சாவியைத் திருகினால் ஒரே திருகில் கிளம்ப வேண்டும்.

ஓடாத வண்டிக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அண்ணாச்சிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமை. முதலில் ஒரு வயரைக் கழற்றுவார், அப்புறம் மற்றதை. அந்த வரிசை மாறாது. கடற்காற்றில் பேட்டரியின் ஈயக் குமிழ்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்துத் துடைத்து வாஸ்லின் தடவுவார். பிறகு பேட்டரியைத் தூக்கி பெஞ்சில் வைத்து, ஆறு மூடியையும் திருகித் திறந்து, சார்ஜர் பெட்டியின் வயர்களை மாட்டுவார். ஷெட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிடுவார். உள்ளே கொதிக்கிற மாதிரி முட்டை முட்டையாக வரும். கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, உள்ளே மிதக்கிற குண்டு எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பார். பெஞ்சுக்குப் பக்கத்தில் சோடா உப்புக் கரைத்த ஒரு மண்பானை எப்போதும் இருக்கும். அது எதற்கென்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கரண்ட் போய்விட்டால் அதே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். அந்த வருஷங்களில் கரண்ட் போகாத நாள் எது?

"ஏன் அண்ணாச்சி, தினமும் அஞ்சு நிமிசம் வண்டிய ஓடவிட்டா தானா ஏறிக்கிடாதா?" என்று சமையல்கார ஐயா ஒருநாள் கேட்டார்.

"கெளப்ப எடுக்கது அஞ்சு நிமிசத்துல திரும்பாது."

"அப்ப வயரக் களத்திப் போட்டுட்டா?"

"ஓடினா தேயும். கெடந்தா சாவும்."

அதுவரை நான் கேட்ட அவருடைய நீளமான பேச்சு இதுதான். சமையல்கார ஐயா என் பக்கம் திரும்பி, "நமக்கு வருசத்துக்கு ஒரு எண்ணெய்க் குளியல். இதுக்கு வாரா வாரம்" என்றார். அண்ணாச்சியின் பெண்சாதியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அந்த பேட்டரியைச் சக்களத்தி என்பாள். "சக்களத்தி இன்னைக்குப் பொங்குதா பாரு" என்பாள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அந்தத் தூரத்தை அவள் நன்றாகக் கற்றிருந்தாள்.

ஷெட்டுக்குள் வேறு யாரையும் விடமாட்டார். என்னை மட்டும் பெருக்க விட்டார். நான் வாய் பேசமாட்டேன், பீடியும் குடிக்கமாட்டேன் என்பதால் இருக்கும்.

முதலாளியம்மாவின் அண்ணன் மகன் ஒருவன், திருநெல்வேலியில் காலேஜ் படிக்கிறவன், கூட்டாளிகளோடு வந்தான். தார்ப்பாயை விலக்கி, அந்தச் சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்து, முன்விளக்கு இரண்டையும் போட்டுவிட்டு, போட்டோ எடுத்தார்கள். விளக்கை அணைக்காமலே கடலுக்குக் குளிக்கப் போனார்கள். அண்ணாச்சி முதலாளியோடு உப்பளத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது விளக்கு நூலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பையன் மறுபடியும் வந்து வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தான்.

"என்ன டிரைவர், ஹார்ன் அடிக்க மாட்டேங்குது?"

அண்ணாச்சி வண்டிக் கதவைத் திறக்கவில்லை. துணிக் கூரையைத்தான் பையன்கள் மடக்கிவிட்டிருந்தார்களே. சட்டைக் காலரைப் பிடித்துக் கதவுக்கு மேலாக அப்படியே வெளியே இழுத்துப் போட்டார். முழங்காலால் முதுகை அழுத்திக்கொண்டு முகத்தைத் தரையில் தேய்த்தார். மூக்கு உடைந்து சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தம். கூட்டாளிகள் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். நான்தான் அந்த ரத்தத்தைக் கழுவினேன். முதலாளியம்மா அன்று சாப்பிடவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளையத் தொட்டவன் இங்கன இருக்கப்படாது" என்றாள். பெரிய முதலாளி, "மகன் வரட்டும்" என்றார். மகன் வந்தார், சாவியைத் திருகினார், ஒரே திருகு. பெரிய முதலாளி சிரித்தபடி அண்ணாச்சியின் தோளில் தட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றும்.

மதினி வாங்கியதற்கு அளவு இல்லை. குழம்பில் உப்பு கூடினால் அடி. கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமானால் அடி. அதிலும் அந்த ஜாடி விஷயம். பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கும். மதினி அதை ஒருநாள் கைதவறிக் கவிழ்த்துவிட்டாள். பயந்துபோய், பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்துவிட்டாள். எங்கள் தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீரில் பருப்புகூட வேகாது, அவ்வளவு உப்பு. இரண்டு செவ்வாய் கழித்து பேட்டரியின் ஆறு குழியில் ஒன்றில் மட்டும் முட்டை வரவில்லை. அண்ணாச்சி ஜாடியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

தலைமுடியைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தார். ஷெட் தூணில் அவள் தலையை மோதினார். நான்கு தடவை. அப்புறம் கண்ணாடிக் குழாயில் இருந்த ஆசிட்டை அவள் மேல் பீய்ச்சினார். அவள் அலறியதைக் கேட்டு நான் ஈரத் துணியோடு ஓடினேன். என்னை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் துவைகல்லில் மதினி அந்தச் சேலையை அடித்தபோது அது கையோடு இழை இழையாக வந்துவிட்டது. சல்லடை மாதிரி ஓட்டை. அவள் அதை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"தூண்ல மோதுனது அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இது தொவச்ச பெறகுதான் தெரியுது, பாத்தியாளா" என்றாள்.

நான், "உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க மதினி" என்றேன்.

"அங்கன இருந்துதான ஓடி வந்தேன்" என்று சொல்லி மிச்சத் துணியைப் பிழிந்தாள்.

இனி அந்த ஆயுத பூஜை. இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், இதுவரை சுற்றிக்கொண்டிருந்துவிட்டேன்.

சின்ன முதலாளி தீபாவளிக்கு முன்பே வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்கக் கரண்ட் இல்லை. ஆகவே பூஜை அன்று காலையில் கரண்ட் வந்ததும் அண்ணாச்சி பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு, உப்பு லாரிகளுக்குப் பூஜை செய்யும் இடத்துக்குப் போய்விட்டார். மூடிகள் திறந்திருந்தன. கதவுகளும் திறந்திருந்தன.

முதலாளியம்மா ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம் வைத்துக் கொடுத்தாள். "தம்பி வண்டிக்குப் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டிரு. வாரப்ப நல்லபடியா இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னது வண்டிக்கு மட்டும்தான். அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

வண்டிக்குப் பொட்டு வைத்தேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரத்தை ஏற்றினேன், கடற்காற்றில் அணைந்தது. மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. அணைந்தால் அபசகுனம். ஆகவே இரண்டு கதவையும் சாத்தினேன். மூன்றாவது தடவை நின்று எரிந்தது. வண்டிக்கு மூன்று சுற்றுக் காட்டினேன். அப்போது பெஞ்சில் அந்த பேட்டரி பொங்கிக்கொண்டிருந்தது. இதற்காகத்தானே இந்த மனுஷன் இந்தப் பாடுபடுகிறார், இது இல்லாவிட்டால் இந்த வண்டி வெறும் தகரம்தானே, இதற்குக் காட்டாமல் போகலாமா என்று நினைத்தேன். ஒரு செவ்வந்திப் பூவை அதன் ஓரத்தில் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பினேன்.

கதவு திறந்தது. அண்ணாச்சி நின்றார்.

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. 'ஏளா' என்று ஒரு சத்தம் போட்டிருந்தாலே நான் அப்படியே நின்றிருப்பேன். அவருக்கு நான் அவ்வளவு பயந்தவள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஓடி வந்து என் விலாவில் ஓங்கி உதைத்தார். நான் சுவரில் போய் விழுந்தேன். இடது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தட்டு மேலே பறந்தது. எரிகிற கற்பூரக் கட்டி தனியாக வந்து பேட்டரியின் மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடக் குனிந்து கையை நீட்டினார்.

வெடி என்று சொன்னால் திருவிழா வெடிதான் ஞாபகம் வரும். அது இல்லை. ஒரே ஓர் அறை, முழு ஷெட்டையும் யாரோ அறைந்த மாதிரி. பேட்டரியின் கறுப்பு ஓட்டுத் துண்டுகள் சுவரில் குத்தி நின்றன. என் காலில் பொட்டுப் பொட்டாக எரிந்தது. அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் நின்றார். விரல் இடுக்கில் ரத்தமும் ஆசிட்டும் வழிந்தது.

"தண்ணி. பானைத் தண்ணி. ஊத்து."

அப்போதுதான் அந்தப் பானை எதற்கென்று எனக்குத் தெரிந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கை தொங்கியது. மதினி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பானையைத் தூக்கினாள். தூக்கியபடி நின்றாள்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஏளா, எங்க தண்ணி? சவத்து மூதி, எங்க நிக்கே?" என்று கத்தினார். அவள் இரண்டடி தூரத்தில் நின்றாள். பானை அவள் இடுப்பில் இருந்தது. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஊற்றினாள். முழுப் பானையையும், நிதானமாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கைக்குக் கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். என் வீட்டுக்காரர் போகவேண்டாம் என்றார். கற்பூரம் நான் காட்டியது தெரிந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலையும் போகும், இருக்கிற அறையும் போகும். ஆனாலும் போனேன். அவர் கண் இரண்டிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. டாக்டர் மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பட்டதுமே தண்ணி ஊத்தியிருந்தா ஒரு கண்ணாவது தப்பிச்சிருக்கும்மா." மதினி தரையைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டாக்டர் போனதும், "யாரு நிக்கா?" என்றார் அண்ணாச்சி.

"நான்தான் அண்ணாச்சி."

"கிட்ட வா."

போனேன். அவர் கை காற்றில் தடவி என் தோளைக் கண்டுபிடித்தது. அங்கிருந்து கன்னத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் ஓங்கி அறைந்தது. பக்கத்துக் கட்டில் ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"தானா வெடிச்சுதுன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நீ வாயத் தொறந்தேன்னா இன்னொண்ணு விழும்" என்றார்.

என் வாழ்நாளில் நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று எப்படியோ வந்தது. "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. வேண்டாம்னு ஒரு வார்த்தை."

அவர் அறைந்த கையை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "வார்த்தை வாரதுக்குள்ள கை போயிருது."

அதை வருத்தத்தோடு சொன்னாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் தெரிந்தால் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லலாம். முழுக்கக் கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் அந்த அறையில் இருந்தார்கள். சின்ன முதலாளி வந்தபோது வண்டியைக் கிளப்ப ஆள் இல்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டார்கள், அடுத்த வருஷத்துக்குள் அதுவும் செத்தது. வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

வந்த வாரமே மதினி கையில் கிடந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டாள். சமையல்கார ஐயாவின் பெண்சாதி பார்த்துவிட்டு, "புருசன் உசுரோட இருக்கும்போது மூளிக்கையா நிக்காளே" என்று எல்லாரிடமும் சொன்னாள். மெட்டியையும் கழற்றியிருந்தாள். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சேலை சரசரக்காமல் இருக்கப் பழைய சுங்குடியாகவே உடுத்தினாள்.

ஒருநாள் அவர்கள் வாசலில் நான் அரிசி புடைக்கிற சுளகோடு நின்றேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் விரிந்து தயாராக இருந்தது. மதினி அவரிடமிருந்து இரண்டு கை தூரத்தில், மூச்சுக்கூட விடாமல் சுவரோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"யாரு? தோட்டக்காரன் பெஞ்சாதியா? உங்க மதினி எங்க?"

"தண்ணி எடுக்கப் போயிருக்காவ அண்ணாச்சி" என்றேன்.

அவர் கை மெல்ல மூடியது.

பிறகு அவர்கள் ஊருக்குப் போனார்கள். ஒரு கம்பின் ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை அவள் பிடித்து நடந்தாள். நீளமான கம்பு. திருச்செந்தூர் பஸ் வரும்வரை ரோட்டில் அப்படியே நின்றார்கள். அவர் அப்புறம் ஏழெட்டு வருஷம் இருந்தார் என்று கேள்வி. மதினியும் இப்போது இல்லை.

பேட்டரி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துக் கொடுங்கள். பேட்டரி பொங்கும்போது தீப்பற்றுகிற வாயு வரும், அதனால்தான் பீடி கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தட்டு என் கையில் இருந்தபோது அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கதவு அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு முழத்தில் பற்றுமா? பற்றும் என்றால் அந்த உதையால்தான் என் கண் இன்றைக்கும் தெரிகிறது. பற்றாது என்றால் அவர் உதைக்காமலே இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்த வயதிலும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். வயர் கழற்றுகிற வரிசை, சோடா உப்பு, டாக்டர் சொன்ன வார்த்தை, எது தப்பாக இருந்தாலும் திருத்துங்கள். மதினி பானையோடு நின்றதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.